முப்பது பத்தியில் ஒரு பேரரசு

கி.மு. 479-இல் பாரசீகப் படை கிரேக்கத்தை விட்டு விரட்டப்பட்டது. கி.மு. 431-இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் மூண்டது. இடையில் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு. ஏதென்ஸ் ஒரு கூட்டணிக்குத் தலைமை ஏற்றதும், தோழமை நகரங்களை மெல்ல மெல்லக் கப்பம் கட்டும் நகரங்களாக்கியதும், பார்த்தெனான் எழுந்ததும் எல்லாம் இதற்குள்தான். இந்த ஐம்பது ஆண்டில் நடந்ததை வரிசையாகச் சொல்கிற, அந்தக் காலத்தை நேரில் அறிந்த ஒருவர் எழுதிய விவரம் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது? ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிய போர் வரலாற்றின் முதல் புத்தகத்தில் 89-ஆம் அத்தியாயத்திலிருந்து 118 வரை. அத்தியாயம் என்றதும் மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு பத்தி நீளம்தான். ஆற அமர உட்கார்ந்தால் ஒரே மாலையில் முடிந்துவிடும்.

நான் பகலில் லண்டனில் கணக்குத் தணிக்கை வேலை பார்ப்பவன். மாலை வகுப்பில் பண்டைய வரலாறு படிக்கச் சேர்ந்தபோது, "இந்த வயசுல கிரேக்கமா? படிக்கிறதுதான் படிக்கிறே, வேலைக்கு உதவுற மாதிரி ஏதாவது படிக்கக் கூடாதா?" என்று அண்ணன் போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். வேலைக்கு இது உதவவில்லை. ஆனால் வேலை இதற்கு உதவியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வரலாறு என்றால் ஆவண மலையில் தலைகுப்புற விழுவது என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டாம் உலகப் போரைப் படிக்கிறவர்களுக்கு அப்படித்தான். ஒரு வாரத்துச் செய்திகளை மட்டும் படிக்கவே ஓர் ஆயுள் போதாது. இங்கே நிலைமை நேர் எதிர். மேலே சொன்ன ஐம்பது ஆண்டுக்கான மூலங்களை ஜி. எஃப். ஹில் என்பவர் 1897-இல் ஒரு புத்தகமாகத் தொகுத்தார். மெய்க்ஸும் ஆண்ட்ரூஸும் 1951-இல் அதைத் திருத்திப் புதுக்கினார்கள். ஒரே தொகுதி, கையில் தூக்கிக்கொண்டு போகலாம். மொழிபெயர்ப்பு கிடையாது, கிரேக்கமும் லத்தீனும் மட்டும்.

ஆதாரம் குறைவாக இருப்பதைப் பற்றி எல்லாரும் அங்கலாய்ப்பார்கள். எனக்கென்னவோ மாணவனுக்கு இதைவிடப் பெரிய சலுகை இல்லை என்று தோன்றுகிறது. பேராசிரியர் காலமெல்லாம் புரட்டிய அதே பக்கங்கள்தான் முதலாண்டு மாணவன் மேசையிலும் இருக்கின்றன. அவரிடம் மட்டும் ஒரு ரகசிய அலமாரி இல்லை. டெலோஸ் தீவில் இருந்த கூட்டணிக் கருவூலம் ஏன் ஏதென்ஸுக்கு வந்தது என்று செமினாரில் வாதம் கிளம்பினால், அதற்கான மொத்த ஆதாரமும் அரைப் பக்க நகலாக எல்லார் கையிலும் இருக்கும். "இந்த வரி அப்படிச் சொல்லவில்லையே சார்" என்று எவரும் சொல்லலாம். சொன்னால் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை மறுபடி படிப்பார். வேறு எந்தப் படிப்பில் இது முதல் வருடத்திலேயே வாய்க்கும்?

தேர்விலும் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஏதோ ஒரு மூலத்திலிருந்து எட்டுப் பத்து வரியை வெட்டிக் கொடுப்பார்கள். எழுதியவர் யார், நடந்து எத்தனை காலம் கழித்து எழுதினார், அவர் கையில் என்ன இருந்தது, எதைச் சொல்லாமல் விட்டார் என்று நாம் எழுத வேண்டும். கதையைச் சொன்னால் மதிப்பெண் கிடையாது. ஆரம்பத்தில் இது கடுப்பாக இருக்கும். பழகிவிட்டால் காலையில் நாளிதழைக்கூட அப்படித்தான் படிக்க வரும்.

துசிடிடீஸையே எடுத்துக்கொள்வோம். இந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர் ஹெல்லானிக்கஸ் ஒருவர்தான், அவரும் சுருக்கமாக, காலக்கணக்கு சரியில்லாமல் எழுதினார் என்று குறை சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். ஆரம்பித்துவிட்டு, தானும் ஓர் ஆண்டுக் குறிப்பு ஒழுங்காகத் தருவதில்லை. "இதற்குப் பிறகு", "சிறிது காலம் கழித்து" என்றே போகிறார். நக்சோஸ் கிளர்ச்சி எந்த ஆண்டு, யூரிமெடோன் போர் எந்த ஆண்டு என்று பாடநூல்களில் திட்டவட்டமாகப் போட்டிருக்கும் எண்களெல்லாம் பின்னால் வந்தவர்கள் இப்படியும் அப்படியும் கூட்டிக் கழித்துப் போட்டவை. ஹெல்லானிக்கஸ் எழுதியது தொலைந்துபோனதால் அவர் தரப்பைக் கேட்கவும் வழியில்லை.

துசிடிடீஸ்மேல் எனக்கு மரியாதை உண்டு. கி.மு. 424-இல் தளபதியாக இருந்து, ஆம்ஃபிபோலிஸ் நகரம் எதிரி கைக்குப் போவதைத் தடுக்க முடியாமல், இருபது ஆண்டு ஊரை விட்டு விலக்கப்பட்டவர். அதனால்தான் இரு தரப்பிலும் விசாரிக்க முடிந்தது என்று அவரே சொல்கிறார். ஆனால் அந்த நிதானமான குரல்தான் ஆபத்து. அவருக்கு முன்பே பாரசீகப் போர்களை எழுதிய ஹெரோடோட்டஸ் "சொல்லப்படுவதைச் சொல்வது என் கடமை, நம்புவது கடமையில்லை" என்ற பொருளில் வெளிப்படையாக எழுதுவார். அதனால் அவரைப் படிக்கும்போது நாம் விழிப்பாக இருப்போம். துசிடிடீஸ் தன் தகவல் எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்வதே இல்லை. முடிவை மட்டும் வைத்துவிட்டுப் போவார். தணிக்கையில் ரசீது இல்லாத கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் சந்தேகப்படு என்பார்கள்.

தலைவர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய புளூட்டார்க் வேறு ரகம். நடந்து ஐந்நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, ரோமப் பேரரசின் காலத்தில் எழுதியவர். அவருக்கு ஆளின் குணம்தான் முக்கியம், ஆண்டு அல்ல. அதனால் அவரை ஒதுக்கிவிடலாமா என்றால், முடியாது. இன்று தொலைந்துபோன பல நூல்கள் அவர் கையில் இருந்தன. கியோஸ் தீவுக்காரர் அயோன் என்ற கவிஞர், இளைஞராக ஏதென்ஸ் வந்தபோது தளபதி கிமோனுடன் ஒரு விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். கிமோன் நன்றாகப் பாடினார் என்பதும், சிறைபிடித்த பாரசீகர்களை ஒரு பங்காகவும் அவர்களுடைய நகைகளை ஒரு பங்காகவும் பிரித்து வைத்துத் தான் செய்த சாமர்த்தியத்தை அவரே சொல்லிச் சிரித்தார் என்பதும் அயோன் வழியாகப் புளூட்டார்க்குக்கு வந்து, அங்கிருந்து நமக்கு வந்தவை. ஐந்நூறு ஆண்டு தள்ளி எழுதியவரிடம் நேரில் பார்த்தவர் சாட்சி ஒளிந்திருக்கிறது. எந்த வாக்கியம் யாருடையது என்று பிரித்தெடுப்பதிலேயே ஒரு பருவம் ஓடிவிடும்.

சரி, கல்வெட்டுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கருவூலம் ஏதென்ஸுக்கு வந்த கி.மு. 454/3 முதல், நகரங்கள் கட்டிய கப்பத்தில் அறுபதில் ஒரு பங்கு அத்தீனா தெய்வத்துக்குக் காணிக்கையாகப் போனது. (ஏதென்ஸின் ஆண்டு கோடையில் பிறக்கும். அதனால்தான் நம் கணக்கில் இரண்டு ஆண்டைச் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.) அந்தக் காணிக்கைப் பட்டியலை ஆண்டுதோறும் கல்லில் வெட்டினார்கள். முதல் பதினைந்து ஆண்டுக்கான கல் மூன்றரை மீட்டருக்கும் மேல் உயரம். உடைந்து சிதறி, 180 துண்டு வாக்கில் கிடைத்திருக்கிறது. இன்று ஏதென்ஸின் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் துண்டுகளைச் சாந்தில் பதித்து நிறுத்தியிருக்கிறார்கள். தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் பக்கவாட்டிலேயே வாசல். தங்க முகமூடியைப் பார்க்கக் கூட்டம் அங்கே முண்டியடிக்கும்போது, இங்கே நான் போன அன்று காவலாளியும் நானும்தான்.

பட்டியல் நம்மூர்ச் சிட்டை மாதிரி இரண்டு பத்தி. ஒரு பக்கம் தொகை, பக்கத்தில் ஊர் பெயர். எண்களுக்கு அந்தந்த எண்ணுப்பெயரின் முதல் எழுத்தையே போடுவார்கள். ஆயிரத்துக்கு 'கிலியோய்', அதன் முதல் எழுத்து நம் பெருக்கல் குறி போல இருக்கும். ஏஜினா தீவுக்கு நேரே அந்தக் குறி மூன்று: 3,000 டிராக்மா. அறுபதால் பெருக்கினால் 1,80,000. ஆறாயிரம் டிராக்மா ஒரு டாலன்ட் என்பதால் ஏஜினா கட்டியது 30 டாலன்ட். காணிக்கைப் பட்டியலிலிருந்து கப்பத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறோம். வகுப்பில் மற்றவர்கள் கால்குலேட்டரைத் தேடியபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

கணக்குப் பழகிய கண்ணுக்கு இதில் முதலில் படுவது இல்லாத வரிதான். ஓர் ஊர் ஓர் ஆண்டு வரவில்லை என்றால் கலகம் செய்ததா, தாமதமாகக் கட்டியதா, அல்லது அந்த இடத்துக் கல்தான் உடைந்துபோனதா? இது போதாதென்று, அந்தப் பதினைந்து ஆண்டில் ஓர் ஆண்டுக்கான பட்டியலே காணோம் என்பது பலர் கணக்கு. பாரசீகத்துடன் சமாதானம் ஏற்பட்டதால் அந்த ஆண்டு கப்பம் வசூலிக்கவில்லை என்று ஒரு தரப்பு சொல்லும். கல்லியாஸ் சமாதானம் என்று அதற்குப் பெயர். துசிடிடீஸ் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோபாம்பஸ் என்ற வரலாற்றாசிரியரோ அது போலி என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்ன காரணம் சுவாரசியமானது. ஒப்பந்தக் கல்வெட்டு அயோனிய எழுத்தில் இருக்கிறது. ஏதென்ஸ் அந்த எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றதோ கி.மு. 403/2-இல். அப்படியானால் ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் வெட்டிய கல்லில் அது எப்படி வரும்? எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலத்தைச் சோதிக்கிற வேலையை இருபத்துமூன்று நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் செய்திருக்கிறார். (மூலக் கல் பழுதாகிப் பிற்காலத்தில் மறுபடி வெட்டியிருக்கலாமே என்று பதில் வாதமும் உண்டு. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.)

அதே சோதனை இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெரிய சண்டையாக வெடித்தது. ஏதென்ஸின் பழைய கல்வெட்டுகளில் சிக்மா என்ற எழுத்தை மூன்று கோட்டில், கோணலான 'எஸ்' போல வெட்டினார்கள். பிறகு நான்கு கோட்டில் வெட்டத் தொடங்கினார்கள். அரசுக் கல்வெட்டுகளில் மூன்று கோட்டுச் சிக்மா கி.மு. 446-க்குப் பிறகு வராது என்பது அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட விதி. ஆண்டு தெரியாத கல்லில் மூன்று கோடு தெரிந்தால், 446-க்கு முன்னால் என்று போட்டுவிடுவார்கள்.

1961 முதல் ஹரால்ட் மேட்டிங்லி என்ற வரலாற்றாசிரியர் இந்த விதியையே கேள்வி கேட்டார். சில கல்வெட்டுகளின் மொழியும் உள்ளடக்கமும் 420-களுக்குத்தான் பொருந்துகின்றன, எழுத்தை வைத்து மட்டும் இழுத்து முன்னால் தள்ளாதீர்கள் என்றார். பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஏனென்றால் கேள்வி சிக்மாவோடு நிற்பதில்லை. தோழமை நகரங்களை 'ஏதென்ஸ் ஆளும் நகரங்கள்' என்று கல்லிலேயே வெட்டும் துணிச்சல் எப்போது வந்தது? 440-கள் என்றால் ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளீஸ் காலம். 420-கள் என்றால் அவர் இறந்து, போர் நடந்துகொண்டிருந்த, கிளியோன் என்ற அடுத்த தலைவரின் காலம். பள்ளியில் படித்த நாகரிகமான பெரிக்ளீஸ் எவ்வளவு நாகரிகமானவர் என்பதும் இந்தக் கோணல் எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சண்டையின் மையக் கல் ஒன்று உண்டு. சிசிலியில் உள்ள எகெஸ்டா நகரத்துடன் ஏதென்ஸ் செய்துகொண்ட ஒப்பந்தம். மூன்று கோட்டுச் சிக்மா. ஒப்பந்த ஆண்டைக் காட்டும், ஆண்டுதோறும் மாறும் ஆட்சியாளர் பெயர் தேய்ந்துபோய், கடைசி 'ஓன்' மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது. 458/7-இல் ஹப்ரோன், 454/3-இல் அரிஸ்டோன், 418/7-இல் அன்டிஃபோன் என்று எல்லாப் பெயரும் அப்படியே முடிகின்றன. சிக்மா விதிப்படி அன்டிஃபோன் வாய்ப்பே இல்லை. 1990-இல் சேம்பர்ஸ், கல்லூச்சி, ஸ்பானோஸ் மூவரும் கல்லில் லேசர் ஒளி பாய்ச்சி, கிடைத்த படத்தைக் கணினியில் மேம்படுத்திப் பார்த்து, பெயர் அன்டிஃபோன்தான் என்று அறிவித்தார்கள். மறுத்தவர்கள் மறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனாலும் கைநூல்கள் இன்று 418/7 என்றே போடுகின்றன. மேட்டிங்லி முப்பது வருடம் காத்திருந்திருக்கிறார். கி.மு. 415-இல் ஏதென்ஸ் சிசிலி மீது படையெடுத்து மொத்தப் படையையும் பறிகொடுத்தது. அதற்குச் சாக்காக இருந்த ஒப்பந்தம் நாற்பது வருடப் பழசு இல்லை, இரண்டு மூன்று வருடம் முன்னால் போட்டது என்றால் அந்தப் படையெடுப்பையே வேறு மாதிரித்தான் படிக்க வேண்டும்.

மூலங்கள் இவ்வளவு குறைவாக இருப்பதன் விலை இதுதான்: ஒரு கல் அசைந்தால் அதன் மேல் கட்டிய எல்லாம் அசையும். அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் மேற்கோள் துண்டுகளாக மட்டும் தெரிந்திருந்த காலத்தில், எகிப்திலிருந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் சில பாப்பிரஸ் சுருள்கள் வந்தன. அவற்றில் அந்த நூல் இருந்தது. 1891-இல் கென்யன் என்ற அறிஞர் அதைப் பதிப்பித்தபோது ஏதென்ஸ் மக்களாட்சியைப் பற்றி அதுவரை எழுதியிருந்த பாதியைத் திருத்த வேண்டியதாயிற்று. அந்தச் சுருளின் முன்பக்கத்தில் இருப்பது கி.பி. 78-79-ஆம் ஆண்டின் பண்ணைக் கணக்கு. கணக்கு எழுதித் தீர்ந்த தாளின் பின்பக்கத்தில்தான் யாரோ அரசியலமைப்பைப் படியெடுத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலால் உலகுக்கு ஏற்பட்ட நன்மைகளில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

ஊரில் பேசினால், "நம்ம பக்கத்தைப் பத்தி ஏதாவது அதுல இருக்கா?" என்று கேட்பார்கள். நான் படிக்கிற காலத்தில் இல்லை. ஆனால் அதே மாதிரி இருபக்கமும் எழுதிய ஒரு கிரேக்க பாப்பிரஸ் வியன்னாவில் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. ஒரு பக்கம் முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்புக் கணக்கு, நான்கில் ஒரு பங்கு சுங்கத்தோடு. அதற்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வாக்குச்சில்லுகளைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஏதென்ஸ் மக்கள் விரும்பினால் ஒரு தலைவரைப் பத்தாண்டுக்கு ஊரை விட்டு அனுப்பலாம். பெயரைப் பானை ஓட்டில் கீறிப் போட வேண்டும். ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபொலிஸின் வட சரிவில் ஒரு கிணற்றில் தொல்லியலாளர் ஆஸ்கர் பிரோனியர், தெமிஸ்டாக்கிளீஸ் என்ற தலைவரின் பெயர் கீறிய ஓடுகளை எடுத்தார், 190 வாக்கில். கையெழுத்தைப் பிரித்துப் பார்த்தால் பதினான்கு பேர்தான் அத்தனையையும் எழுதியிருக்கிறார்கள். முன்கூட்டியே எழுதி வைத்து விநியோகிக்கத் திட்டமிட்ட கோஷ்டி வேலை என்று வகுப்பில் பாதிப் பேர் உடனே முடிவு கட்டினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்த சேவையாகவும் இருக்கலாமே என்றார் ஒருவர். பயன்படுத்தாமல் கிணற்றில் கொட்டியது ஏன் என்று இன்னொருவர். தேர்தல் பூத்துக்கு வெளியே நின்று பழகிய எனக்கு முதல் தரப்பில்தான் கை போனது.

இவ்வளவு மகிழ்ச்சியாகச் சொல்கிறேனே, இதில் நெருடுகிற பக்கம் ஒன்று உண்டு. மேசையில் விரியும் அந்த அரைப் பக்கத்தை எழுதியவர்கள் யார்? பெரும்பாலும் ஏதென்ஸ்காரர்கள், அல்லது ஏதென்ஸோடு தொடர்புள்ளவர்கள். ஆண்கள், வசதியானவர்கள். ஸ்பார்ட்டாவைப் பற்றி நாம் அறிந்தது அநேகமாக எல்லாமே வெளியார் சொன்னது. அடிமைகள் பேசிய ஒரு பக்கம்கூட இல்லை.

ஆனால் அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கி.மு. 415-இல் தெருவோர ஹெர்ம் சிலைகளை உடைத்ததாகவும் ரகசியச் சடங்குகளைக் கேலி செய்ததாகவும் தண்டிக்கப்பட்டவர்களின் சொத்துகளை அரசு ஏலம் விட்டு, விவரத்தைக் கல்லில் வெட்டியது. அதில் பிரேயஸ் துறைமுகத்தில் குடியிருந்த கெஃபிசொடோரஸ் என்பவரின் அடிமைகள் பதினாறு பேர் வரிசையாக வருகிறார்கள். விற்பனை வரி, விலை, சரக்கு என்று மூன்று பத்தி. திரேஸ் நாட்டுப் பெண், 165 டிராக்மா. சிரியன், 240. இல்லிரியன், 161. சிதியன், 144. கரியச் சிறுவன், 174. கரியக் குழந்தை, 72. பெயர் ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு வரியிலும் தொகை சுத்தமாக இருக்கிறது, வரி பிடித்தம் சரியாக இருக்கிறது. தணிக்கைக்கு வந்தால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. ஏதென்ஸ் மக்களாட்சியைப் பற்றி யார் என்ன கட்டுரை எழுதினாலும் இந்தக் கல்லைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று செமினாரில் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போல.

கிரேக்கம் தெரியாமல் இதையெல்லாம் படிக்கலாமா என்றால், தாராளமாகத் தொடங்கலாம். கொஞ்ச நாளில் இரண்டு மொழிபெயர்ப்புகள் ஒரே வரியில் முட்டிக்கொள்ளும்போது, தானாகவே இலக்கணப் புத்தகம் வாங்கத் தோன்றும். நான் வினைச்சொல் வாய்பாட்டோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பல்கலைக்கழகம் போக வாய்ப்பில்லாதவர்கள் இந்த ஐம்பது ஆண்டை மட்டும் படித்துப் பார்க்க நினைத்தால், முதலில் துசிடிடீஸின் அந்த முப்பது அத்தியாயம். பெர்சியஸ் இணைய நூலகத்தில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசம். அப்புறம் புளூட்டார்க் எழுதிய கிமோன், பெரிக்ளீஸ் வாழ்க்கைகள். துசிடிடீஸில் இல்லாத ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஏதென்ஸின் கல்வெட்டுகளை ஆங்கிலத்தில் தரும் தனி இணையதளமும் இருக்கிறது. எகெஸ்டா ஒப்பந்தத்தை அங்கே தேடிப் பாருங்கள். டியோடோரஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய சிசிலிக்காரர். ஆண்டுவாரியாக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, ஈயோன் முற்றுகை முதல் யூரிமெடோன் போர் வரை கிமோன் பல ஆண்டுகளில் செய்த எல்லாவற்றையும் 470/69 என்ற ஒரே ஆண்டில் செய்து முடிக்க வைத்துவிடுவார். முதலில் அவரைப் படித்தால் கிமோனுக்குத் தூங்கவே நேரம் இருந்திருக்காது என்று நினைத்துவிடுவீர்கள்.